சனிக்கிழமை எண்ணெய்

மகன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? நிஷா நம்பினாள். போன வாரம் நீங்களும்தானே நம்பினீர்கள்?

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொரட்டூர் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. நிஷாவும் ஜெகதீசனும் மேலே. ஜெகதீசனின் அக்கா பார்வதம் கீழே. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஒரே பிள்ளை சரண். ஆறு வயது. ஆட்டிசம். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேலப்பன்சாவடியில் ஒரு சென்டர் இருக்கிறது. பிள்ளையை ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்து, காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, மூக்கில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் கொடுப்பார்களாம். ஹைப்பர்பேரிக் தெரபி என்று பெயர். பேச்சு வந்துவிடுமாம். ஜெகதீசன் வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்த நாளிலிருந்து தூக்கத்தைத் தொலைத்தான். நிஷா பெரியாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கேட்டாள். "ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு, கடல்ல முங்கி வேலை செய்றவங்களுக்கு வர்ற கோளாறுக்கெல்லாம் அது நல்ல வைத்தியம்தாம்மா. ஆட்டிசத்துக்குப் பலன் இருக்குன்னு இதுவரைக்கும் நிரூபிக்கல. காது பாதிக்கலாம். அபூர்வமா உள்ள தீப்பிடிச்சு உயிரே போயிருக்கு. பேச்சுப் பயிற்சியை விடாதீங்க, மெதுவாத்தான் வரும்" என்று அந்தம்மா பொறுமையாகச் சொன்னார்.

வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் ஜெகதீசன் இறங்கி வந்தான். சரண் தலையில் கை வைத்து, "உனுக்குத் தெரியாம அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன், போதுமா?" என்றான். நிஷா அழுதாள், சோறு போட்டாள், சண்டை முடிந்தது.

அந்தச் சத்தியத்தின் லட்சணத்தை இந்தச் சனிக்கிழமை பாருங்கள்.

அந்த வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஜெகதீசனுடைய வேலை. சரண் யாரையும் தலையைத் தொட விடமாட்டான். முடி வெட்டப் போனால் தெருவே கூடிவிடும். ஆனால் அப்பா நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கையில் ஊற்றிக்கொண்டு வந்தால், பாத்ரூம் வாசலில் கவிழ்த்த பக்கெட்மேல் தானாகவே போய் உட்காருவான். ம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். நிஷா மெஷினை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரம் முழுக்கப் பட்ட பாடு அந்த ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும்.

கொஞ்ச நாளாக அந்தக் குளியல் நின்றுபோயிருந்தது. கேட்டால், "சளி புடிச்சுக்கும், வேணாம்" என்பான். ஏப்ரல் வெயிலில் என்ன சளி? நிஷாவுக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்கு அவன் அரை நாள் ஷிப்டுக்குப் போனதும் அவளே எண்ணெயைக் காய்ச்சினாள். சரண் முதலில் முரண்டு பிடித்தான். பிறகு வாசனைக்கு மயங்கிப் பக்கெட்மேல் உட்கார்ந்தான். உச்சி குளிரத் தேய்த்தாள். காதுப் பக்கம் கை போனபோது மட்டும் வீல் என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டான். காதை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

நாலு நாளாகவே இப்படித்தான். அழுக்கு அடைத்திருக்கும், திங்கட்கிழமை காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள். சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். எண்ணெய் முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் தலையில் தங்கினால்தானே குளிர்ச்சி?

மத்தியானம் ஜெகதீசன் வந்தான். சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"ஏரிக்கரையாண்ட இவன இட்டுகினு போய்ட்டு வரேன்."

"இந்த வெயில்லயா?"

"நெழல்ல உக்காருவோம். அந்தக் காட்டன் துணி எங்க கீது?"

அந்தக் காட்டன் துணி நிஷா தைத்தது. பொத்தான் இல்லாமல், ஜிப் இல்லாமல், சுத்தப் பருத்தியில் தொளதொளவென்று ஒரு சட்டையும் பேன்டும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று கேட்டானே என்று, கல்யாண ஆர்டரை ஒதுக்கி வைத்துவிட்டு ஆசை ஆசையாகத் தைத்தாள். சரணுக்குத் துணியின் தையல் உறுத்தினால் பிடிக்காது. அதனால் விளிம்பையெல்லாம் வெளிப்பக்கமாக மடித்துத் தைத்திருந்தாள். இப்போதும் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்தபடியே, "கொடியில கீது பாருங்க" என்றாள். பைக் கிளம்பிப் போயிற்று.

அரை மணி கழித்துப் பார்வதம் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு மாடி ஏறி வந்தாள்.

"இன்னா நிஷா, எண்ணெய்க் கிண்ணி வெளிய கீது?"

"சரணுக்குத் தலைக்கு ஊத்தினேன் அண்ணி. உங்க தம்பிக்குத்தான் இப்பல்லாம் புள்ளய கவனிக்க நேரமில்லையே."

"எண்ணெயா? இன்னைக்கா?" பார்வதம் கிண்ணத்தைக் கீழே வைத்த வேகத்தில் குழம்பு தளும்பித் தரையில் கொட்டியது. "ஐயையோ! ஜெகா கூட்டிகினு பூட்டானா?"

"ஏரிக்குப் போயிருக்காங்க. அதுக்கு ஏன் இப்படிப் பதர்றீங்க?"

பார்வதம் இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"உள்ள பூட்டானா தெரியலியே. போன உள்ள எடுத்துகினு போவக் கூடாதும்பாங்களே..."

"எதுக்குள்ள?"

"எண்ணெய் ஆவாதும்மா. எண்ணெய்த் தலையோட உள்ள உக்காந்தா பத்திக்குமாம். மொத நாளே அங்க கீற பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லிச்சு. பாலியஸ்டர் ஆவாது, எண்ணெய் ஆவாது, கற்பூரம் கிற்பூரம் கூட..."

"அண்ணி! எதுக்குள்ள?"

பார்வதம் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பிரயோஜனம்? எல்லாம்தான் கொட்டியாகிவிட்டதே.

நிஷா எழுந்து நின்றாள். மெஷினுக்கடியில் அந்தப் பருத்தித் துணியின் வெட்டுத் துண்டு இன்னும் கிடந்தது. வெயிலுக்காம். பொத்தான் வேண்டாமாம். அவள் கையாலேயே அந்தக் கூண்டுக்கு உடுப்பு தைத்து வாங்கியிருக்கிறான் மகராசன்! எண்ணெய்க் குளியல் நின்றதற்கும் அதுதான் காரணம். காதுக்கும் அதுதான் காரணம். நாலு நாளாகப் பிள்ளை காதைப் பிடித்து இழுத்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். வாயில்லாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? பெற்றவள் அழுக்கு என்று நினைத்தாள்.

"நீங்களும் கூடப் போனீங்களா?"

"மொத தடவ மட்டும்தாம்மா. புள்ளைக்கு நல்லதுன்னுதானே... நீ கோச்சுக்குவன்னுதான் சொல்லல."

"சத்தியம் பண்ணாரே, அப்ப நீங்க பக்கத்துல நின்னுகினு இருந்தீங்களே அண்ணி. அதுக்கு முன்னாடியே போய்கினு இருந்தாங்களா?"

பார்வதம் தரையில் கொட்டிய குழம்பைப் பார்த்தாள். நிஷா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

ஸ்டேஷன் ஸ்டாண்டில் நின்ற முதல் ஆட்டோவில் ஏறினாள். டிரைவர் தாடி நரைத்த ஒரு பாய். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு என்றுகூடப் பேசவில்லை.

"வேலப்பன்சாவடி பாய். சீக்கிரம். என் புள்ள அங்க கீறான்."

எஸ்டேட்டைத் தாண்டி வானகரம் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பாய் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏய், ஒதுங்கு நைனா! கொயந்த விசயம்!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார். நிஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்திக்குமாம், பத்திக்குமாம் என்று பார்வதம் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகளில் இன்னும் நல்லெண்ணெய் வாசனை அடித்தது. பாசமாகத் தேய்த்த எண்ணெய். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கையை என்ன செய்வாள்? கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

சென்டர் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் சிரிக்கும் வெளிநாட்டுக் குழந்தையின் படம் போட்டு, 'உங்கள் பிள்ளையும் பேசும்' என்று பெரிய போர்டு. ஏசிக் குளிரில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள்.

"சரண் எங்க?"

"உக்காருங்க மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"என் புள்ள எங்கன்னு கேட்டேன்!"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அது தெரிந்தது. தண்ணி லாரித் தொட்டி போல ஒரு பெரிய உருளை. பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். நிஷா தடுப்பைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

உள்ளே ஜெகதீசன் மடியில் சரண். மூக்கில் மாஸ்க். தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வாயை அகலமாகத் திறந்திருந்தான். கத்துகிறான். சத்தம் வெளியே வரவில்லை. ஜெகதீசன் அவன் வாய்க்கு ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டி, விழுங்கு விழுங்கு என்று தன் தொண்டையைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"திற! புள்ள தலையில எண்ணெய் கீது. திற!"

"அதான் மேடம், சார் சொன்னாரு. அதுக்குத்தான் ஷவர் கேப் போட்டுட்டோம். ஒன்னும் ஆவாது."

நிஷாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "பொத்தான் ஆவாது, காட்டன்தான்னு என்னைத் தைக்க வச்சுட்டு தலையில பிளாஸ்டிக்கப் போட்டு மூடியிருக்கியா? உனுக்கு யாரு இந்த வேலையக் குடுத்தது? டாக்டரக் கூப்பிடு!"

"டாக்டர் ஆன்லைன்ல இருப்பாரு மேடம்."

"புள்ள உள்ள கீறான். டாக்டரு ஆன்லைன்லயா? மொதல்ல திற!"

"சட்டுனு திறக்க முடியாது. அழுத்தத்த மெதுவாத்தான் இறக்கணும். அவசரப்பட்டா காது பாதிக்கும்."

"ஓஹோ! காது பாதிக்கும்னு உனுக்குத் தெரியுமா?"

அந்தப் பெண் முகம் சிவந்து, ஏதோ ஒரு குமிழைத் திருகினாள். உஸ் என்று காற்று இறங்கத் தொடங்கியது. ஜெகதீசன் நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் பெண்டாட்டியின் முகம். அவன் கையிலிருந்த பாட்டில் நழுவியது.

அதன் பிறகு நிஷா செய்வதற்கு எதுவுமில்லை. நின்றாள். உலகத்தில் இதைவிடக் கொடுமை உண்டா? ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளை கதறுகிறான். எட்டிப் பிடிக்க முடியவில்லை. உருளையைப் பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"எண்ணெய் வைக்கக் கூடாதா?"

முக்காடு போட்ட ஒரு பெண் பின்னால் வந்து நின்றிருந்தாள். பக்கத்தில் சரண் வயதில் ஒரு பையன், விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பூந்தமல்லியிலிருந்து வருகிற ஜுபைதா. பையன் பெயர் பாசித். அடுத்த முறை அவர்களுடையது.

"எங்ககிட்ட அப்படி ஒன்னும் சொல்லலியே" என்றாள் ஜுபைதா. பாசித்தின் தலை தேங்காய் எண்ணெயில் மின்னியது.

"தயவுசெஞ்சு ஊட்டுக்குப் போங்க. இவங்களுக்கு ஒரு எழவும் தெரியல" என்றாள் நிஷா.

"எல்லா டாக்டரையும் பாத்தாச்சு தங்கச்சி. பயிற்சி குடுங்க, பொறுமையா இருங்கன்னுதான் சொல்றாங்க. பேசுவான்னு வாயத் திறந்து சொன்னது இவங்க மட்டும்தான்." ஜுபைதா பாசித்தின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "வேற எங்க போறது, நீயே சொல்லு."

நிஷாவால் அவளிடம் கோபப்பட முடியவில்லை. ஜுபைதா பையனை நாற்காலியில் உட்கார வைத்து, முக்காட்டு நுனியால் அவன் தலை எண்ணெயை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. நிஷா பாய்ந்து சரணை வாரிக்கொண்டாள். தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். அவன் உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. காதை அவள் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு விசும்பினான்.

"நிஷா, கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க" என்றபடி ஜெகதீசன் குனிந்து வெளியே வந்தான்.

"பாக்கட்டும். எண்ணெய் வச்சிருக்கேன்னு உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்று கூப்பிட்ட வாய். இன்றைக்கு அது கழன்று விழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை. அவன் கவனித்தான்.

"வண்டியிலயே வாசன வந்துச்சு."

"தெரிஞ்சுமா உள்ள இட்டுகினு போன?"

"இன்னைக்கு வுட்டா விட்டுப்போவும்னாங்க. நடுவுல விட்டா பழையபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். கேப் போட்டா ஒன்னும் ஆவாதுன்னு இந்தப் பொண்ணு..."

"இவன் தலையில கை வச்சு சத்தியம் பண்ணியே. அந்தத் தலையத்தானே கொண்டாந்து இதுக்குள்ள வச்ச? கைல புள்ளயத் தூக்கிகினு என் கண்ணுல மண்ணத் தூவிட்டு வர உனுக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?"

ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, அவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை எடுத்து நீட்டினான்.

"அவன் பேசிட்டான் நிஷா."

நிஷாவின் கை சரணின் முதுகில் அப்படியே நின்றது.

"இங்கதான். இதுக்குள்ள. அம்மான்னான். என் காதால கேட்டேன். ஆறு வருசமா நீ கேக்கணும்னு ஏங்கினயே, அந்த வார்த்த. அதான் நிறுத்த முடியல. நல்லா நாலு வார்த்த வரட்டும், அப்புறம் உன்னாண்ட கொண்டாந்து நிறுத்தி அசத்தலாம்னு இருந்தேன். சத்தியமா சொல்றேன்..."

"அந்த வார்த்தைய மட்டும் என்னாண்ட சொல்லாத."

ஆனாலும் பாழும் மனசு துள்ளியது. அம்மா. சொல்லியிருக்கிறானாம். அவள் கேட்கவில்லை. இந்த மனிதன் கேட்டிருக்கிறான், இந்த வெள்ளைக் கோட்டுக்காரி கேட்டிருப்பாள், பெற்றவள் மட்டும் கேட்கவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மறுபடி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தால் சொல்வானோ என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

தோளில் சரண் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான்.

"எப்ப சொன்னான்?"

"கதவ சாத்தி, காத்து ஏற ஆரம்பிச்ச ஒடனே."

"எப்படிச் சொன்னான்?"

"எப்படின்னா?"

"சிரிச்சுகினு சொன்னானா, அழுதுகினு சொன்னானா?"

  ஜெகதீசனின் கண் அந்த வட்ட ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"சொல்லு."

"அழுதுகினுதான்."

 நிஷாவின் குரல் தணிந்துபோயிருந்தது.

"என்னக் கூப்ட்டிருக்கான், ஜெகா. வந்து தூக்கிக்கோன்னு கூப்ட்டிருக்கான். அதப்போய் வைத்தியம் பலிச்சுதுன்னு நெனச்சுகினு திரும்பத் திரும்ப இட்டுகினு வந்து அடச்சியா? பொறந்ததுலேர்ந்து மொத தடவயா என் புள்ள என்னக் கூப்ட்டான். நான் ஊட்ல உக்காந்து எவளோ ஒருத்தி ஜாக்கெட்டுக்கு ஊக்கு வச்சுகினு இருந்தேன்."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் பின்வாங்கினாள். சரணைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள்.

திருப்பத்தில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "சார், அடுத்தது புதன்கிழம போடட்டுமா?"

நிஷா நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டாள். வேண்டாம் என்ற ஒரு சொல் வந்தால் போதும். திரும்பிப் படியேறியிருப்பாள்.

மேலே ஜெகதீசன் ஒன்றும் சொல்லவில்லை.

கீழே பாய் இன்னும் போகாமல் நின்றிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும், "அல்லா காப்பாத்தினான்" என்று வண்டியைக் கிளப்பினார். நிஷா உட்கார்ந்து, முந்தானையால் சரணின் காதைக் காற்றுப்படாமல் மூடினாள். அவன் அவள் எண்ணெய்க் கையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கன்னத்தோடு வைத்துக்கொண்டான்.

"எங்கம்மா, கொரட்டூருக்கா? ஊட்டாண்ட வுட்றட்டுமா?"

"மொதல்ல ஒரு காது டாக்டராண்ட போங்க பாய்."

"அப்புறம்?"

நிஷா ஒரு முறை அந்த இரண்டாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். படியில் யாரும் இறங்கி வரவில்லை.

"ஊட்டுக்கு இல்ல" என்றாள்.